ஊர்வாயும் பெண்ணின் துணிவும்: வத்தலக்குண்டு நாவல் முதல் காந்திகிராமம் வரை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர்ச் சாலையில் இருக்கும் தாடிக்கொம்பின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் ரதி, மன்மதன் சிற்பங்கள் பெயர்பெற்றவை. திருமணத் தடை நீங்க வேண்டி ஆணும் பெண்ணும் அவற்றை வழிபடுவது இன்றும் வழக்கம். வேண்டுதல் இருவருக்கும் ஒன்றுதான், ஊர்ப்பேச்சு ஒன்றல்ல. பையனுக்குத் தள்ளிப்போனால் ‘இன்னும் அமையல’ என்று முடித்துக்கொள்ளும் ஊர், பெண்ணுக்குத் தள்ளிப்போனால் ‘அவகிட்ட என்ன குறையோ’ என்று கேட்கும். தன்னம்பிக்கையை மனத்துக்குள் விளையும் குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். குறைந்தவளிடம் ‘துணிவாக இரு’ என்று அறிவுரை சொல்கிறோம். என் வாதம் வேறு. ‘பெண் என்றால் இப்படித்தான்’ என்ற வார்ப்பு அவளுடைய திறமையைவிட அவள் சொல்லின் மதிப்பைத்தான் முதலில் குறைக்கிறது. தன் சொல் எடுபடாது என்று தெரிந்தவளுக்குத் துணிவு தங்குவதில்லை. இதைத் தமிழ்ப் புனைகதை வெகு முன்பே கண்டுகொண்டது; அப்படிக் கண்ட நாவல்களில் முக்கியமான ஒன்றை எழுதியவர் இதே திண்டுக்கல் சீமைக்காரர்.

1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, தன் கதாநாயகி ஞானாம்பாளை அரியணையில் ஏற்றியது. ஆனால் ஆண் வேடத்தில்தான் அவளால் நாடாள முடிந்தது. பெண்கல்விக்காக வாதாடிய ஆசிரியருக்கே, பெண்ணின் அறிவை ஊர் ஏற்க வேண்டுமானால் வேட்டியும் தலைப்பாகையும் தேவைப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்குள், திண்டுக்கல் சீமையின் வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர், ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதினார். அந்நாவலுக்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. அந்தத் தலைப்பிலேயே நாவலின் மையம் இருக்கிறது. கமலாம்பாள் கூர்மையானவள், கணவர் முத்துஸ்வாமி ஐயரோடு சரிக்குச் சரியாகப் பேசி வாழ்ந்தவள். அவள்மேல் ஒரு பழிச்சொல் கிளம்புகிறது. கணவர் அதைக் கேட்டு மனமுடைந்து வீட்டை விட்டுப் போகிறார். குற்றம் சாட்டியவர் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. நிரூபிக்கும் சுமை முழுவதும் அவள் தலையில் விழுகிறது. அத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் சேர்ந்த நம்பிக்கை ஒரு வதந்திக்குத் தாங்கவில்லை என்பதை இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் இத்தனை துல்லியமாக எழுதியது வியப்புக்குரியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்த நாவலில் வம்பு வளர்ப்பவர்களில் பெண்களும் இருக்கிறார்களே, நீர்த்துறையில் கூடும் ‘வம்பர் மகாசபை’ பெண்கள் கூட்டம்தானே, பெண்ணுக்குப் பெண்தானே எதிரி என்பார்கள். வம்பு பேசுபவள் என்பதும் ஒரு வார்ப்புதான். ராஜம் ஐயரும் அதைச் சுவைத்து எழுதியிருக்கிறார், இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதையின் போக்கைப் பாருங்கள். பெண்கள் பேசுவது குடத்தோடு வீடு திரும்பும்வரைதான் செல்லும்; கணவர் நம்பிய பிறகுதான் பேச்சு தீர்ப்பாகிறது. சொத்திலும் சபையிலும் இடமில்லாதவர்களுக்குப் பிறரைப் பற்றிய பேச்சு ஒன்றே கைவசமிருந்த அதிகாரம். அதைப் பெண்ணின் இயல்பு என்று எழுதிவைப்பது, காரணத்தை விட்டுவிட்டு விளைவைப் பிடித்துக்கொள்வது.

அடுத்த கட்டம், பெண்ணே சொல்லத் தொடங்கியது. அ. மாதவையாவின் ‘முத்துமீனாக்ஷி’ (1903) ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. எழுதிய கை ஆணுடையது. வை.மு. கோதைநாயகி வந்தபோது கையும் மாறியது. குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, பள்ளிக்குப் போகாத அவர், தம் முதல் படைப்பை வாயால் சொல்லிச்சொல்லித் தோழியை எழுதவைத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். எழுத்து கூடிவராத நாளிலேயே சொல்ல ஒரு கதை இருந்தது, கேட்டு எழுத ஒருத்தி இருந்தாள். துணிவு தனியாக முளைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வாழ்க்கையில் இதே பாதையைத் திண்டுக்கல் கண்டது டாக்டர் சௌந்தரம் வழியாக. தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவை என்றால் அடுக்களை இருட்டு என்றிருந்த காலத்தில் தில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார், 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். 1947இல் இருவரும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். செல்வர் வீட்டுப் பெண்ணால் முடிந்தது, கூலிக்காரிக்கு முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹைதர் அலியின் ஆதரவோடு இந்தப் பகுதியில் தங்கிப் படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரைப் பற்றியும் இதையே கேட்க வேண்டும். அரசியின் வீரத்தைப் பெண்சிங்கம் என்று போற்றிய ஊர்கள், அதற்காகத் தம் பெண்களின் பேச்சுக்கு மதிப்புக் கூட்டிவிடவில்லை. விதிவிலக்கைக் கொண்டாடுவது விதியைத் தொடாமல் விட்டுவிடும். சௌந்தரம் வேறுபடுவது இங்கேதான். தம் படிப்பைத் தம்மோடு நிறுத்தாமல், சிறு மகப்பேறு மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கி, அதைக் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்த்தார். கிராமப் பெண்கள் சேவிகைகளாகப் பயிற்சி பெற்றனர். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட வீட்டில் சேவிகை சொல்வதை மாமியாரும் கேட்டாக வேண்டும். அந்த ஒரு இரவில் அவள் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு, நூறு மேடைப்பேச்சில் கிடைக்காது.

வார்ப்பு பெண்ணின் துணிவைக் குலைக்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்றையும் காட்டுவதுண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டீலும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, ‘இந்தக் கணக்குத் தேர்வில் ஆண்-பெண் வேறுபாடு தெரிவதில்லை’ என்று முன்கூட்டியே சொன்னபோது பெண்கள் ஆண்களுக்கு இணையாக எழுதினார்கள் என்றது. பின்வந்த மறுசோதனைகள் சிலவற்றில் அந்த விளைவு சிறுத்தது, சிலவற்றில் தென்படவே இல்லை. ஆகவே அதையே தூணாக வைத்து வாதம் கட்டக் கூடாது. நம் ஊர்ச் சான்று தேர்வறையில் இல்லை, பொது இடத்தில் இருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு வந்தன. 2016இல் அந்தப் பங்கு மொத்த இடங்களில் பாதியாக உயர்த்தப்பட்டது. பல ஊராட்சிகளில் ‘தலைவர் வீட்டுக்காரர்’தான் நாற்காலியில் உட்கார்கிறார், ஒதுக்கீட்டால் என்ன பயன் என்ற குறை உண்மைதான். கூட்டத்தில் தலைவருக்குப் பதில் கணவர் பேசிவிடலாம். ஆனால் ஊராட்சிக் காசோலையில் விழ வேண்டியது தலைவரின் கையெழுத்து. கணவர் நீட்டும் தாளை முதல் மாதம் பார்க்காமலே கையெழுத்திடுபவர், எப்போதோ ஒருநாள் பேனாவை மூடாமல் நிறுத்தி, ‘இது எந்த வேலைக்கு?’ என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காசோலை நகராது.