1939 இங்கிலாந்து கவுண்டித் துடுப்பாட்டப் பருவம்

1939 இங்கிலாந்து கவுண்டித் துடுப்பாட்டப் பருவம் என்பது இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தில் நடைபெற்ற கடைசி உள்நாட்டுத் துடுப்பாட்டப் பருவம் ஆகும். 17 கவுண்டி அணிகள் பங்குபற்றிய வாகையர் போட்டியில் பிரையன் செல்லர்ஸ் தலைமையிலான யோர்க்சயர் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகப் பட்டம் வென்றது. 1931 முதல் ஒன்பது ஆண்டுகளில் இது அவ்வணியின் ஏழாவது பட்டமாகும். மிடில்செக்ஸ் இரண்டாம் இடத்தையும் குளோசெஸ்டர்சயர் மூன்றாம் இடத்தையும் பெற்றன.

இப்பருவத்தில் ஓவருக்கு 6 பந்துகளுக்குப் பதிலாக 8 பந்துகள் வீசும் முறை சோதனை முயற்சியாகப் பின்பற்றப்பட்டது. சூலை 3 அன்று பிரிஸ்டலில் கென்ட் அணிக்கு எதிராக டொம் கொடார்ட் ஒரே நாளில் 17 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

ஹோவ் போட்டி

ஆகத்து இறுதியில் போர் அச்சம் ஆட்டங்களைப் பாதித்தது. இலண்டனின் ஓவல் திடல் இராணுவத் தேவைக்கு எடுக்கப்பட்டதால், அங்கு நடைபெறவிருந்த சர்ரே - லங்காசயர் போட்டி மான்செஸ்டருக்கு மாற்றப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகள் அணி எஞ்சிய போட்டிகளைக் கைவிட்டு நாடு திரும்பியது.

ஆகத்து 30 அன்று சசெக்ஸ், யோர்க்சயர் அணிகள் ஹோவில் மோதின. இப்போட்டியின் வருவாய் சசெக்ஸ் வீரர் ஜிம் பார்க்சின் நலநிதிக்கு உரியது என்பதால், போர் நெருங்கியபோதும் இரு அணிகளும் ஆட்டத்தைத் தொடர்ந்தன. சசெக்சின் ஜார்ஜ் காக்ஸ் 198 ஓட்டங்களும், யோர்க்சயரின் லென் ஹட்டன் 103 ஓட்டங்களும் எடுத்தனர். செருமனி போலந்தின் மீது படையெடுத்த செப்டம்பர் 1 அன்று, மழையில் நனைந்து காய்ந்துகொண்டிருந்த ஆடுகளத்தில் சசெக்ஸ் 33 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி 6 ஓவர்களில் 9 ஓட்டங்களை மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். யோர்க்சயர் 9 விக்கெட்டுகளால் வென்றது. இரண்டு நாட்களின் பின் பிரித்தானியா போரை அறிவித்தது.

போருக்குப் பின்

வெரிட்டி அதன்பின் முதல்தரப் போட்டி எதிலும் ஆடவில்லை. கிரீன் ஹவார்ட்ஸ் படைப்பிரிவில் கேப்டனாகப் பணியாற்றிய அவர், சிசிலியில் காயமடைந்து சிறைப்பிடிக்கப்பட்டு, 1943 சூலை 31 அன்று இத்தாலியின் கசெர்த்தாவில் இறந்தார். எசெக்ஸ் வேகப்பந்து வீச்சாளர் கென் ஃபார்ன்ஸ் 1941 இல் வான்படைப் பயிற்சியின்போதும், கிளமோர்கன் தலைவர் மொரிஸ் டர்ன்புல் 1944 இல் நோர்மண்டியிலும் உயிரிழந்தனர்.

கவுண்டி வாகையர் போட்டி 1946 இல் மீண்டும் தொடங்கியது. பட்டத்தை யோர்க்சயரே வென்றது.