இசைத்தட்டு முதல் மெமரி கார்டு வரை

பண்டை அரபுப் புலவர் பலர்க்கு ‘ராவி’ எனப்படும் துணைவர் இருந்தார். புலவர் பாடியதை மனனம் செய்து பிறர்க்கு ஓதிக் காட்டுவது அவர் பணி. ராவி நம்பத்தக்கவராயின் கவிதை வாழ்ந்தது, அல்லராயின் சிதைந்தது. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹம்மாத் என்னும் ராவி, பழம்புலவர் பாக்களில் தம் சொந்த அடிகளைப் புகுத்தினார் என்று அக்காலத்து அறிஞரே குறை கூறினர். பாட்டைச் சுமந்து செல்பவரின் பொறுப்பு அத்தகையது. இன்று அப்பொறுப்பு, முதிய பெற்றோருக்குப் பாட்டேற்றித் தரும் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. அது வந்த வழியைச் சற்றே நோக்குவோம்.

இந்தியாவில் இசைத்தட்டு வணிகத்துக்கான ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் நடைபெற்றது. 1908 முதல் அந்நகரிலேயே தட்டுகள் உருவாயின. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். எனினும் சாவியை முறுக்கி முள்ளை வைத்தால் எவர்க்கும் அது பாடும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரலை நம் இல்லங்களில் நிலைபெறச் செய்ததில் தட்டுக்கும் நாடாவுக்கும் பெரும் பங்குண்டு. எழுத்தறியாத உம்மாவும் மேலட்டையின் நிறம் கண்டு வேண்டிய கேசட்டை எடுத்துப் போட்டுக்கொள்ள முடிந்தது.

1995இல் எம்பி3 எனப் பெயர் பெற்ற முறை இந்நிலையை மாற்றிற்று. செவி எளிதில் உணராத ஒலிக்கூறுகளைக் களைந்து, பாட்டின் அளவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் முறை அது. ஒரு கிகாபைட் மெமரி கார்டில் ஏறத்தாழ 250 பாடல்கள் தங்கும். 2001இல் வந்த ஐபாட், ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் அடக்கியது. பின்னர்க் கைபேசியே பாட்டுப் பெட்டியும் ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கைபேசி செய்தனர். 2014 நவம்பரில் அங்கு உற்பத்தி நின்றது; ஆயினும் அவ்வட்டாரத்தில் இன்று ஐபோன்கள் உருவாகின்றன.

கருவி சிறுத்தது, அதைக் கையாளும் வேலையோ நுணுகிற்று. கணினியும் கம்பியும் கோப்பும் அறியாத பெற்றோர், தம் பாட்டுக்குப் பிள்ளையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. இக்குறையை உணர்ந்தே போலும், சரிகம நிறுவனம் 2017இல் 5,000 பாடல்கள் நிரப்பிய ‘கேரவான்’ பெட்டியை வெளியிட்டது. பழைய கிராமபோன் கம்பெனியின் வழிவந்தது இந்நிறுவனம். குமிழைத் திருகினால் பாடும் எளிமை மீண்டது. ஆனால் அவை நிறுவனம் தேர்ந்த பாடல்கள். ஊர்ப் பாடகர் திருமண வீட்டில் பாடியதும், மறைந்த வாப்பாவின் குரலும் அவற்றுள் இரா. அவை பரணில் கிடக்கும் கேசட்டுகளிலேயே உள்ளன. நாடாவின் காந்தப் பூச்சோ ஆண்டுக்காண்டு நலிகிறது.

ஆதலின் பாட்டேற்றும் பிள்ளைகள், எவை வேண்டும் என்று பெற்றோரை முதலில் கேட்டறிதல் வேண்டும். நமக்குப் பிடித்ததைப் புகுத்தி, அவர்க்குப் பிடித்ததை விடுப்பது நல்ல ராவியின் செயலன்று. பாடல்களின் பெயரைத் தமிழில் எழுதுக. நாடாவை ஓட்டும் கருவி கிடைக்கும்போதே வீட்டுப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றி, ஈரிடத்தில் காத்து வைக்க. யாருடைய குரல், எந்த ஆண்டு என்பதையும் உடன் குறித்திடுக. அதைச் சொல்லக்கூடியவர் இன்று நம்மோடு இருக்கிறார்.