ஒற்றை ஷாக்கிலிருந்து லிங்கேஜுக்கு: மோட்டோகிராஸ் பின்சக்கர சஸ்பென்ஷன் சோதனைகள், 1973–2011

முன்னுரை

விடியற்காலையில் ஜோகூர் கடற்பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், கிராஞ்சி வழியாக வேலைக்கு விரையும் மலேசிய மோட்டார்சைக்கிள்களில் பெரும்பாலானவை கப்சாய் எனப்படும் இலகுவான சிறு வண்டிகள். பழைய கப்சாய்களில் பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு ஷாக் அப்சார்பர் இருக்கும். யமஹா 135எல்சியிலோ நடுவில் ஒன்றுதான். ஒற்றை ஷாக் என்றாலே பந்தய வண்டியின் வாரிசு என்ற எண்ணம் ஓட்டுநர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை, ஒற்றை ஷாக் பெயர்பெற்ற களமான, மேடுபள்ள மண்தடங்களில் நடக்கும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சிக்கலின் தோற்றம்

1970களின் தொடக்கம்வரை மோட்டோகிராஸ் வண்டிகளின் பின்சக்கரம் மேலும் கீழுமாக ஏறக்குறைய 100 மி.மீ. மட்டுமே அசையும். இரண்டு ஷாக்குகளும் அச்சுக்கு அருகில் நிமிர்ந்து நிற்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் வேகம் கூடியபோது இந்த அசைவு போதவில்லை. மேட்டிலிருந்து தாவி இறங்கும் வண்டி முழுவதும் அமுங்கி அடிதட்டியது. ஓட்டுநரின் முதுகு அந்த அடியை வாங்கியது.

ஜெர்மனியின் மைக்கோ நிறுவனம் 1974இல் இரட்டை ஷாக்குகளையே முன்னோக்கி நகர்த்தி அசைவைக் கூட்டியது. ஷாக் முன்னே நகர்ந்தால், அது சிறிது அமுங்கும்போதே சக்கரம் அதிக தூரம் எழும். ஆனால் அதே சிறு குழாயிலுள்ள எண்ணெய் முன்பைவிட அதிக ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டியதாயிற்று. சூடேறி நுரைத்த எண்ணெயால் அதிர்வைத் தணிக்க முடியாது. பந்தயத்தின் பிற்பாதியில் வண்டி துள்ளத் தொடங்கும். அமெரிக்காவின் ஃபாக்ஸ் நிறுவனம் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தைப் பயன்படுத்தும் ஏர்ஷாக்ஸைக் கொண்டுவந்தது. கென்ட் ஹவர்ட்டன் 1976இல் அமெரிக்க 500சிசி பட்டத்தை வென்றது அதை வைத்துத்தான்.

2. டில்கன்ஸின் ஒற்றை ஷாக்

பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கன்ஸ் வேறு வழியில் சென்றார். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை முக்கோணச் சட்டமாக்கி, அதன் உச்சியில் நீளமான ஒரே ஷாக்கைப் பொருத்தினார். அது பெட்ரோல் தொட்டிக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. முக்கோண ஸ்விங் ஆர்ம் புதிதன்று; பிரிட்டனின் ஃபிலிப் வின்சென்ட் 1928லேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். டில்கன்ஸ் அதை மோட்டோகிராஸுக்குக் கொண்டுவந்து, எண்ணெயையும் நைட்ரஜனையும் தனித்தனியே அடைக்கும் டி கார்பன் வகை ஷாக்குடன் இணைத்தார். வாயு எண்ணெயில் கலக்காததால் நுரைக்கும் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

வடிவமைப்பை யமஹா வாங்கியது. அதைக் கொண்டு 1973இல் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 250சிசி உலகப் பட்டத்தை யமஹாவுக்குப் பெற்றுத் தந்தார். 1975இல் ஒய்இசட் வரிசையில் இவ்வமைப்பு கடைக்கு வந்தது.

குறைகளும் இருந்தன. ஷாக்கின் எடை உயரத்தில் நின்றது. எஞ்சினின் வெக்கை அதைத் தாக்கியது. முதன்மையான குறை வேறு: அமுங்கத் தொடங்கும்போதும் முடியும்போதும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடியது. சிறு மேடுகளுக்கு ஏற்ற மென்மையான ஸ்பிரிங் பெரிய தாவலில் அடிதட்டும். பெரிய தாவலுக்கு ஏற்றதோ சிறு மேட்டில் உதறும்.

3. லிங்கேஜ் எனும் திருப்பம்

தீர்வு ஷாக்கின் எண்ணிக்கையில் இல்லை, ஸ்விங் ஆர்மின் அசைவை ஷாக்குக்குக் கடத்தும் நெம்புகோல் இணைப்பான லிங்கேஜில் இருந்தது. சக்கரம் நகரும் தூரத்துக்கும் ஷாக் அமுங்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் லிங்கேஜால் மாறுகிறது; அது தொடக்கத்தில் 3ஆகவும் முடிவில் 2ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் உணரும் ஸ்பிரிங் விறைப்பு இவ்விகிதத்தின் வர்க்கத்துக்கு எதிர்மாறாக மாறும். ஆகவே ஸ்பிரிங்கை மாற்றாமலே, அசைவின் கடைசியில் விறைப்பு ஏறக்குறைய 2.25 மடங்காகிவிடும்.

1980இல் கவாசாகியின் யூனி-ட்ராக் அமைப்பில் மேலே ஒரு ராக்கர் கை ஷாக்கை அழுத்தியது. 1981இல் சுசூக்கியின் ஃபுல் ஃப்ளோட்டரில் ஷாக்கின் எந்த முனையும் சேஸிஸில் பொருத்தப்படவில்லை. ராக்கர் மேலிருந்தும் ஸ்விங் ஆர்ம் கீழிருந்தும் அதை நெருக்கின. அதே ஆண்டில் ஹோண்டா தன் ப்ரோ-லிங்க்கில் இணைப்புக் கைகளை ஸ்விங் ஆர்முக்கு அடியில் வைத்தது. எடை கீழே இறங்கியது. இன்றைய மோட்டோகிராஸ் வண்டிகள் பெரும்பாலும் பின்பற்றுவது இந்த வழியைத்தான்.

ஃபுல் ஃப்ளோட்டருக்குப் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. இத்தகைய சஸ்பென்ஷனுக்கு 1975இல் காப்புரிமை பெற்றிருந்த அமெரிக்கர் டொனால்ட் ரிச்சர்ட்சன், தன் உத்தியை சுசூக்கி எடுத்துக்கொண்டதாக வழக்குத் தொடுத்தார். காப்புரிமை மீறப்பட்டது என்ற முடிவை 1989இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

4. எதிர்ச்சோதனை

லிங்கேஜுக்கும் விலை உண்டு. அதன் பேரிங்குகள் தரைக்கு அருகில் சேற்றில் உழல்கின்றன. கழற்றிக் கிரீஸ் வைக்காவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். கேடிஎம் 1998இல் லிங்கேஜையே நீக்கி, பிடிஎஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் ஷாக்கை நேராக ஸ்விங் ஆர்மில் பொருத்தினார்கள். ஷாக் ஆழமாக அமுங்கும்போது உள்ளேயிருக்கும் கூம்பு ஊசி எண்ணெய்ப் பாதையை அடைத்து எதிர்ப்பைக் கூட்டும். நெடுந்தூர எண்டூரோ வண்டிகளில் அது நிலைத்தது. ஆனால் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு 2011 மாடலில் கேடிஎம் லிங்கேஜுக்கே திரும்பியது.

5. நம் சாலைகளில்

இந்தியாவில் 2008இல் வந்த யமஹா எஃப்இசட்16இல் ஒற்றை ஷாக் உண்டு, லிங்கேஜ் இல்லை, 135எல்சியும் அப்படியே. அதே 2008இல் வந்த ஆர்15இல் லிங்கேஜ் இருந்தது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்ட், 2016இல் ஹிமாலயனுக்கு லிங்கேஜுடன் 180 மி.மீ. பின்சக்கர அசைவைக் கொடுத்தது. கரடுமுரடான பாதைக்கென்று செய்த வண்டி அது.

முடிவுரை

மோட்டோகிராஸ் 1973இல் கையிலெடுத்தது ஒற்றை ஷாக்கை. 1980களின் தொடக்கத்தில் வென்றது லிங்கேஜ். அன்றாடச் சாலை வண்டிகளுக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது முதலாவதுதான். அது குறையாகாது: லிங்கேஜ் இல்லாத ஒற்றை ஷாக்குக்குப் பாகங்கள் குறைவு, பழுது குறைவு, செலவும் குறைவு, கடற்பாலத்தின் தார்ச்சாலைக்கு அது போதும். ஆனால் அதைப் பந்தயத் தொழில்நுட்பம் என்று சொல்லி விற்பவரிடம், லிங்கேஜ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பதே முறை.