லண்டன் ஏலமும் பாலாற்றங்கரையும்

விரிஞ்சிபுரத்துக்கு மதிலழகு என்பார்கள். மதில் சோறு போடாது. எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது மேற்கே ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப். அப்பா அங்கே கணக்கு எழுதினார், அவருக்குப் பின் நான். இந்தத் தொழிலின் நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் எங்கள் ஊர் மழை தீர்மானித்ததே இல்லை.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோலுக்கு லண்டனில் ‘ஈஸ்ட் இந்தியா’ என்று பெயர். அன்று ஏலம் அங்கே, விலையும் அங்கே. முதல் உலகப் போரில் ராணுவ பூட்ஸுக்காக பிரிட்டிஷ் சர்க்காரே மொத்தமாக வாங்கியது. மண்டிகளில் பணம் புரண்டது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி பிறந்த 1919 அந்தச் செழிப்பை ஒட்டிய வருஷம். அதே வருஷம் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்து உள்ளூர்ப் பதனிடும் தொழிலைத் தாங்கப் பார்த்தார்கள். ராணுவ ஆர்டர் நின்றதும் விலை விழுந்தது. 1923இல் வரியும் 5 சதவீதமாகிவிட்டது.

என் காலத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது டில்லி. 1972இல் சீதாராமையா கமிட்டி அறிக்கை கொடுத்தது. அதைப் பின்பற்றி பச்சைத்தோல் வெளியே போகக்கூடாது, அரைகுறையாகப் பதப்படுத்திய தோலுக்குக் கோட்டா, முடித்த தோலாக, ஷூவாக அனுப்பு என்று உத்தரவுகள் வந்தன. வளர்ச்சி என்றால் வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் எழுந்தன, பெண்கள் தையல் மெஷினில் உட்கார்ந்தார்கள். ஆனால் பட்டைக் குழியோடு நின்றிருந்த சின்ன முதலாளிக்கு பதனிடும் டிரம் வாங்கக் காசில்லை. அடுத்தவன் தோலுக்கு ஜாப் ஒர்க் செய்யப் போனார். குரோமியம் வந்தது, வாய்க்கால் வழியாகப் பாலாற்றில் அதுவும் ஓடியது. ஆற்றுக்குப் போன அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. நானும் ஏற்றவில்லை; யாரும் கேட்கவுமில்லை.

1989இல் ஜெர்மனி, பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு வேண்டாம் என்றார்கள். அங்கே ஒரு சட்டம், இங்கே எல்லாரும் மருந்தை மாற்ற ஓடினோம்.

பாலாற்றுக்காக எங்களில் யாரும் அப்படி ஓடவில்லை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் நீதிபதி குல்தீப் சிங், தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாகச் சொன்ன ஆய்வை எடுத்துக்காட்டினார். நஷ்டஈட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னார். அதற்குமேல் தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். எங்கள் ரசாயன பில்லில் அது ஒரு நாள் செலவுக்குக் காணாது.