இளைஞரும் ஆட்சிமன்றங்களும்: மாத்தளைத் தோட்டப்புறம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தம் வாழ்வைத் தொடும் அரசாங்க முடிவுகளில் இளைஞர்க்கும் பங்கு வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டிற்குப் புதியதன்று. 1931-ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் இருபத்தொரு வயது நிரம்பிய இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கிய இலங்கை, 1959-இல் அவ்வயதைப் பதினெட்டாகக் குறைத்தது. முன்னர் இந்நாட்டை ஆண்ட பிரித்தானியா இதனைச் செய்தது 1969-இல். அயலிலுள்ள பாரதம் செய்ததோ 1989-இல். ஒரு சிறு தீவு பெருநாடுகளை முந்திக்கொண்டமை பெருமைக்குரியதே. ஆயினும் அப்பெருமை தீவின் இளைஞர் அனைவர்க்கும் உரியதாயிற்றா என்பது ஆராயத்தக்கது.

மாத்தளையைவிட இவ்வினாவிற்கு ஏற்ற இடம் வேறில்லை எனலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தே மலையேறினர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நிலைத்தனர். 1937-இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அச்சபைகளின் வாக்காளர் என்னும் நிலையினின்றும் விலக்கப்பட்டனர். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949-ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலார்க்குப் பாராளுமன்ற வாக்குரிமையையும் இல்லாமற் செய்தன. எனவே, 1959-இல் பதினெட்டு வயது நிரம்பிய கிராமத்து இளைஞன் வாக்காளனானான். அதே வயதினனாய் அடுத்த மலைச்சரிவில் வாழ்ந்த தோட்டத்து இளைஞனோ, பெரும்பாலும், எந்நாட்டுப் பிரசையும் ஆகாதவனாய் நின்றான்.

1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்காலப் பேச்சுக்கு விடப்பட்டது. பிறந்து வளர்ந்த மண்ணிலிருந்து தாம் அனுப்பப்படுவதா இல்லையா என்பதினும் ஓர் இளைஞனைப் பாதிக்கும் முடிவு வேறு யாதுளது? எனினும் அவ்விளைஞரைக் கேட்டார் எவருமிலர்.

கிராமத்து இளைஞர்க்கு வாக்கிருந்தும் மனநிறைவு இருக்கவில்லை என்பதை 1971-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் 1987 முதல் 1989 வரை நிகழ்ந்த இரண்டாம் கிளர்ச்சியும் காட்டின. பேராசிரியர் ஜீ. எல். பீரிஸ் தலைமையில் 1989-இல் அமைக்கப்பெற்ற இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 1990-இல் வெளியான தன் அறிக்கையில், அரசியற் செல்வாக்கு எங்கும் புகுந்தமையும் அதிகாரத் துர்ப்பிரயோகமுமே அமைதியின்மைக்குத் தலையாய காரணங்களுட் சேர்ந்தவை என எடுத்துரைத்தது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய 25-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், உள்ளூராட்சித் தேர்தல் நியமனப் பத்திரங்களில் நூற்றுக்கு 40 பேர் 18 முதல் 35 வரையுள்ள வயதினராதல் வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. 1991-ஆம் ஆண்டுத் தேர்தலில் இவ்விதி முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது.

விதி நன்று; ஆனால் அது பெயர்ப்பட்டியலுக்கு உரிய விதியேயன்றி ஆசனங்களுக்கு உரியதன்று. பட்டியலை நிரப்புதற்கு இளைஞர் தேடப்பட்டனர். வெற்றி பெறுதலோ அவரவர் விருப்பு வாக்கைப் பொறுத்ததாயிற்று. 2006-இல் கொழும்பு மாநகர சபைக்கு ஐக்கிய தேசியக் கட்சி கொடுத்த பட்டியல் வேட்பாளர் வயது பற்றிய பிழையால் தள்ளப்பட, மூக்குக் கண்ணாடிச் சின்னத்திற் போட்டியிட்ட சுயேச்சைக் குழு வென்று, முச்சக்கர வண்டி ஓட்டுநர் ஒருவர் மேயரானமை பலரும் அறிந்த வேடிக்கை. 2012-இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. 2023-இல் நூற்றுக்கு 25 என்னும் அளவில் மீண்டது. 2025 மே மாதத் தேர்தலுக்கு முன்னர், இளம் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்களிற் கண்ட குறைகளாற் பல பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டு, வழக்குகளும் எழுந்தன.

தோட்டத்து இளைஞர் திறத்து இதனினும் பெரிய தடையொன்று இருந்தது. காலப்போக்கிற் பிரசாவுரிமையும், அதன்வழி வாக்கும், பட்டியலில் இடமும் அவர்க்குக் கிட்டின. ஆனால் 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் வாசகம், தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவிடுதற்கு இடையூறாய் நின்றது. இரத்தோட்டை, உக்குவளை போன்ற பிரதேசங்களில் இஃது எத்துணைப் பெரிய குறை என்பதை எளிதில் உணரலாம். உறுப்பினராய் அமரும் தோட்டத்து இளைஞர் ஒருவர் அயற்கிராமத்துப் பாதைக்குக் கையுயர்த்தலாம்; தாம் பிறந்த லயன் வரிசைக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடக் கேட்பாராயின், சட்டம் இடங்கொடாது என்பதே விடை. கிராமச் சபையின் வாயிலில் 1937-இல் இடப்பட்ட வேலி, பெயர் மாறிய சபையிலும் வேறோர் உருவில் நிலைத்தது.

எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988-இலும் 2003-இலும் நிறைவேறின. பிரதேச சபைச் சட்டத்தின் அத்தடை திருத்தப்பட்டது 2018-இல். 1959-இல் பதினெட்டு வயதினனாய் நின்ற அத்தோட்டத்து இளைஞன் உயிரோடிருந்தால், அப்பொழுது அவனுக்கு வயது எழுபத்தேழு.