ஹாஸ்ய நாவல், பிரிட்டனில் (1982க்குப் பின்)

காதலையும் தாம்பத்தியத்தையும், மனிதர் பக்குவம் பெறப் படும் பாட்டையும் விஷயமாகக் கொண்டு, சிரிப்பைப் பிரதான ரசமாக வைத்து எழுதப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் செழித்த நாவல் வகை. இதன் பூர்வீகம் கிராஸ்மித் சகோதரர்கள் ‘பஞ்ச்’ பத்திரிகையில் தொடராக எழுதி 1892இல் நூலாக்கிய ஒரு கற்பனை நாட்குறிப்பு. அதில் பூட்டர் என்னும் லண்டன் குமாஸ்தா தம் கௌரவத்தைப் பற்றித் தாமே பெருமிதத்தோடு எழுதிக்கொண்டு போகப் போக, அவர் அறியாமலே அவருடைய அசட்டுத்தனம் நமக்குப் புலனாகிறது. எழுதுகிறவனைக் காட்டிலும் படிக்கிறவனுக்கு அதிகம் விளங்கும் இந்த உபாயமே பின்வந்தோர் பலருக்கும் மூலதனமாயிற்று.

அதைப் புதுப்பித்தவர் லெஸ்டர் நகரத்துச் சூ டவுன்சென்ட் (1946–2014). 15 வயதில் பள்ளியை விட்டு, இளமையிலேயே விவாகமாகி, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே எவருக்கும் சொல்லாமல் பல்லாண்டு எழுதிவந்த அந்த அம்மையார் படைத்த நாட்குறிப்பு நாயகன் ஏட்ரியன் மோல், 1982இல் பி.பி.சி. வானொலியில் பேசத் தொடங்கி அவ்வாண்டிலேயே நூலானான். 13¾ வயதுள்ள இவன் தன்னை ஒரு மேதாவியென்று பரிபூரணமாக நம்புகிறவன். ஆதலால் முகப்பருவையும், வகுப்புத் தோழி பாண்டோராவின் மீதுள்ள பிரேமையையும், தாய் அண்டை வீட்டுக்காரருடன் போய்விட்டதையும், தந்தை வேலை இழந்ததையும் ஒரே கம்பீரத்தோடு குறித்து வைக்கிறான். பிரதமர் தாட்சர் ஆட்சிக்காலத்து ஏழ்மையை இவ்வளவு நயமாகக் கண்டித்த பிரசங்கம் வேறு இல்லை.

அடுத்த பத்தாண்டில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது: பக்குவம் பெறவேண்டிய பிராயமே தள்ளிப்போயிற்று. நிக் ஹார்ன்பியின் ‘ஹை ஃபிடெலிட்டி’ (1995) நாவலின் நாயகன் ராப், வடக்கு லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்தும் 35 வயதுக்காரன். காதலி பிரிந்து சென்றதும், தன்னை மிகவும் வருத்திய ஐந்து பிரிவுகளை வரிசைப்படுத்த உட்காருகிறான். ஹெலன் ஃபீல்டிங் 1995இல் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழில் எழுதத் தொடங்கி 1996இல் நாவலாக்கிய ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ்’, முப்பதைக் கடந்தும் தன் எடையையும் சிகரெட்டுகளையும் தினந்தோறும் கணக்கெழுதுகிறவள். அவளுடைய கதைப்பின்னலோ ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டு நாவலிலிருந்து பகிரங்கமாகவே எடுத்தது, நாயகனின் டார்சி என்ற பெயர் உட்பட. தந்தை இயற்றிய கிறிஸ்துமஸ் பாட்டின் வருமானத்தில் சோம்பிக் கிடக்கும் 36 வயது வில் என்பவனையும், மனநோயுற்ற தாயைக் காக்கும் 12 வயது மார்க்கஸையும் எதிரெதிரே நிறுத்தி, பாலகன் பெரியவனாகவும் பெரியவன் பாலகனாகவும் இருப்பதைக் காட்டும் ஹார்ன்பியின் ‘எபௌட் எ பாய்’ (1998) இவ்வரிசையில் நிகரற்றது.

பிரிட்ஜெட்டைப் பார்த்து எழுதிய நாவல்கள் பல வந்தன. அவற்றை விரிப்பது வீண். டேவிட் நிக்கல்ஸின் ‘ஒன் டே’ (2009), 1988 ஜூலை 15இல் தொடங்கி ஆண்டுதோறும் அதே நாளில் ஒரு ஜோடியைச் சந்தித்து, சிரிப்பினூடே மரணத்தையும் புகுத்தியது. அதே ஆண்டில் வெளிவந்த மோலின் கடைசி நாட்குறிப்பில் அவனையும் புற்றுநோய் பிடிக்கிறது. இவ்வகையில் ஒன்றை மட்டும் படிக்க அவகாசமுள்ளவர் டவுன்சென்டின் முதல் நூலை எடுத்துக்கொள்வதே உத்தமம்.