ட்ரைட்டன்: ரெண்டு பைக்கைக் கலந்து ஒண்ணாக்கின கதை

'ட்ரைட்டன்'னு ஒரு பிரிட்டிஷ் பைக் உண்டு. ட்ரையம்ஃப் கம்பெனியும் அதைத் தயாரிக்கவில்லை, நார்ட்டன் கம்பெனியும் தயாரிக்கவில்லை. ரெண்டு பேரிலும் பாதிப்பாதி எடுத்து வச்ச பேர் அது. வண்டியும் அப்படித்தான்: நார்ட்டன் ஃப்ரேம், ட்ரையம்ஃப் என்ஜின்.

முதல்ல ஃப்ரேம். பெல்ஃபாஸ்ட்காரரான ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்தது. 1950ல் நார்ட்டன் இதை ரேஸ் வண்டியில் போட்டு ஐல் ஆஃப் மேன் தீவுக்குக் கொண்டுபோனது. அந்த வருஷ சீனியர் டிடி பந்தயத்தில் ஜெஃப் டியூக் ஜெயித்தார். ஓட்டிப் பார்த்த ஹெரால்ட் டேனியல் இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்குன்னு சொல்லப்போய், 'ஃபெதர்பெட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்து என்ஜின். 1937ல் எட்வர்ட் டர்னர் கொண்டுவந்த ட்ரையம்ஃப் ஸ்பீட் ட்வின், பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சிலிண்டர் வைத்த 500 சிசி வண்டி. அதுவே 650 ஆக வளர்ந்து, 1959ல் ரெட்டைக் கார்புரேட்டரோடு 'போனவில்'லாக வந்தது. என்ஜின் சூரப்புலி. ஆனா அது உட்கார்ந்திருந்த ஃப்ரேம், வளைவில் நார்ட்டனுக்குப் பக்கத்தில்கூட வராது.

ரெண்டும் சேர்ந்ததுக்குக் காரணம் யாருன்னு பார்த்தா, கார்காரங்க! அப்போ 500 சிசி ஃபார்முலா 3 கார் ரேஸுக்கு நார்ட்டன் மேங்ஸ் என்ஜினுக்குப் பயங்கர கிராக்கி. நார்ட்டனோ என்ஜினைத் தனியா விற்க மாட்டேன்னு பிடிவாதம். முழு பைக்கையும் வாங்கி என்ஜினை மட்டும் கழட்டிக்கொண்டார்கள். மிச்சமான ஃபெதர்பெட்டில் நம்ம பசங்க ட்ரையம்ஃப் என்ஜினைப் போட்டார்கள். சிக்கனமும் ஆச்சு, வேகமும் ஆச்சு :-)

லண்டன் நார்த் சர்குலர் ரோட்டில் 1938ல் திறந்த ஏஸ் கஃபே இவங்களோட முக்கியமான அடா. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு தாழ்த்தி மாட்டுறது, ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளுறது எல்லாம் காற்றைக் கிழிக்க. 100 மைல் (160 கிமீ) தொடணும், அதான் லட்சியம். 1959ல் திறந்த எம்1 நெடுஞ்சாலையில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. 70 மைல் வரம்பு 1965 கடைசியில்தான் வந்தது. அதுக்குள்ள வீடு திரும்பாத பசங்களும் உண்டு. இதை மறந்துட்டு 'அந்தக் காலம் மாதிரி வருமா'ன்னு உருகுறதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனா ட்ரைட்டன் வெறும் தெரு வித்தை இல்லை. 1965ல் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தை டேவ் டெகென்ஸும் ரெக்ஸ் புட்சரும் ட்ரைட்டனில்தான் ஜெயித்தார்கள்.

அப்புறம் 1969ல் ஹோண்டா சிபி750 வந்தது, பிரிட்டிஷ் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. ஏஸ் கஃபேவும் அதே வருஷம் மூடி, 2001ல்தான் மறுபடி திறந்தது. 1983ல் ட்ரையம்ஃப் பெயரை வாங்கிய ஜான் புளூர், ஹிங்க்லியில் புதுத் தொழிற்சாலை கட்டினார். 2001ல் போனவில் திரும்பி வந்தது. பிற்பாடு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் போட்டபோது அதைப் பழைய கார்புரேட்டர் வடிவ உறைக்குள் ஒளித்து வைத்தார்கள். உள்ளே புது கோட், வெளியே பழைய ஸ்க்ரீன்!

நம்மூருக்கும் இதில் பங்கு உண்டு. 1960களில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்ட் விற்ற 'கான்டினென்டல் ஜிடி' 250 சிசி கஃபே ரேசர். அதே பெயரில் 650 சிசி ரெட்டை சிலிண்டர் வண்டி 2018ல் சென்னையிலிருந்து வந்தது. பசங்க ஷெட்டில் ராத்திரி முழிச்சுப் பண்ணினதை, இப்போ ஷோரூமில் ரெடிமேடா வாங்கலாம்.

சரி, பழைய வண்டியை மாத்தலாமா கூடாதா? ஃப்ரேம் நம்பரும் என்ஜின் நம்பரும் கம்பெனி ஜோடியாகவே இருக்கணும் என்பது சேகரிப்பாளர் கட்சி. அப்படிப் பார்த்தா ட்ரைட்டன் பிறந்தே இருக்கக் கூடாது! ஆனா அன்னைக்கு அது மிச்சம் மீதியில் செய்தது. இன்னைக்கு ஒரு முழு போனவில்லையும் முழு நார்ட்டனையும் அதுக்காகப் பிரிச்சா, ரெண்டு சரித்திரம் காலி.

என் கட்சி சிம்பிள். பாயின்ட்ஸ் மூடிக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுங்க, தாழ்ந்த ஹேண்டில்பார் போடுங்க. நட்டு போல்ட்டைக் கழட்டினா பழையபடி ஆகிடும். ஃப்ரேமில் மட்டும் ரம்பம் வைக்காதீங்க. கழட்டின பாகத்தைக் காயலான் கடைக்கும் போடாதீங்க. பேக்கப் எடுக்காம டெலீட் பண்ற ஆளை நாம ஆபீஸ்ல என்ன சொல்லுவோம்?